பிரேக்கம்மாவின் வலது கால்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று அவளுக்கும் உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள், கற்றுக்கொண்டிருப்பவர்கள், கற்க முடியாமல் பஸ்ஸுக்கே திரும்பிப் போனவர்கள் எல்லாருக்கும் அவள் பிரேக்கம்மாதான். முதுகுக்குப் பின்னால் வைத்த பேர் கொஞ்ச நாளில் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த டிரைவிங் ஸ்கூலில் ஓனருக்கு வைத்திருந்த பேரோடு ஒப்பிட்டால் அவளுடையது பட்டம் மாதிரி.

கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து இருக்கையின் காலடியில், டீச்சருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். பல வருஷமாக அந்தப் பிரேக்கும் பிரேக்கம்மாவின் வலது காலும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அந்தக் கால் காப்பாற்றிய சைக்கிள்காரர்கள், பழக்கடைகள், மின்கம்பங்கள் கொஞ்சநஞ்சமல்ல. காப்பாற்றப்பட்டவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. மின்கம்பத்தை வேண்டுமானால் மன்னிக்கலாம்.

ஆனால் வரவர அந்தக் காலுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. முன்பெல்லாம் ஆபத்து வந்தால் மிதித்தது. பிறகு ஆபத்து வரும்போதே மிதித்தது. இப்போது வருமோ என்று ஒரு நினைப்பு ஓடினாலே போதும், டொம் என்று இறங்கிவிடும். பாடம் நடக்கும்போது மிதித்தால் பரவாயில்லை, அதற்குத்தான் சம்பளம். லைசென்ஸ் பரீட்சையின்போது மிதிப்பதுதான் பாவம். பரீட்சையிலும் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதிகாரி பின்சீட்டில் இருப்பார். டீச்சர் கால் பிரேக்கில் பட்டதும் காருக்குள் ஒரு மணி கத்தும். மணி கத்தினால் அத்தோடு பரீட்சை முடிந்தது, ஓட்டியவர் ஃபெயில். அந்த வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு நர்ஸும் ஒரு தையல்காரரும் அப்படித்தான் ஃபெயிலானார்கள். அவர்களையாவது விடுங்கள். தாலி கட்டிய புருஷனையே மூன்று தடவை ஃபெயிலாக்கினாள்.

அவர் பல்செட் செய்பவர். ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் பின்கட்டில் சின்ன அறை, ஜன்னலோரம் மேஜை, மேஜைமேல் யார் யாருடைய வாய்களோ. மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்க அரை நாள் எடுத்துக்கொள்வார், ஆனால் அது அந்த வாயில் போய் உட்கார்ந்தால் பிறந்ததிலிருந்தே இருந்தது மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்ட நிதானமான மனுஷருக்கு ஐம்பது வயதில் கார் ஓட்டும் ஆசை வந்தது. வேறு டீச்சரிடம் போக வெட்கம். மனைவியிடம் கற்றால் மானம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று நினைத்தார், பாவம். மூன்றாவது தடவையும் மணி கத்தியபோது அவர் கோபப்படவில்லை. சாவியை அவள் கையில் கொடுத்து, “எனக்கு இதெல்லாம் வராதும்மா, விட்டுடு” என்றார். அவர் திட்டியிருந்தால் பிரேக்கம்மா நன்றாகத் திருப்பித் திட்டியிருப்பாள். அந்த ஒரு வரிதான் அவளை ராத்திரியெல்லாம் புரளவைத்தது. வராதது அவருக்கல்ல, தன் காலுக்குத்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் ஓனர் கூப்பிட்டார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சாருக்கு இன்னொரு தடவை தேதி வாங்கியிருக்கேன். இந்தத் தடவையும் உங்க கால் பட்டுச்சுன்னா, ஆபீஸ்ல போன் எடுக்க உக்காரவைக்கறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியல.”

பிரேக்கம்மா அந்த போன் மேஜையைப் பார்த்தாள். பக்கத்தில் காய்ந்துபோன ஒரு செடி. காரில்லாத ஒரு பகல் எப்படி நகரும் என்று அவளால் கற்பனை செய்யவே முடியவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நாத்தனார் வந்து சேர்ந்தாள். புருஷனின் தங்கை. பகலில் பார்சல் கிடங்கில் வேலை, சாயங்காலம் டயர் கடைக்கு மேலே ஒரு ஹாலில் ஜூடோ சொல்லிக்கொடுப்பாள். அண்ணியை வம்புக்கிழுக்கும் விஷயத்தில் மட்டும் பகல் சாயங்காலம் பேதம் கிடையாது. அண்ணன் கொதிக்கும் சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேஜைக்கடியில் டொம். அண்ணன் தண்ணீர் டம்ளரை மேஜை விளிம்பில் வைத்தார். டொம்.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். “அண்ணி, கீழ யாரை மிதிக்கிறீங்க?”

“யாரையும் இல்ல. நீ சாப்பிடு.”

அண்ணன் ஏதோ பழைய கதை சொல்ல வாயைத் திறந்தார். டொம். நாத்தனாருக்குப் புரை ஏறிவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்குச் சாயங்காலம் ஹாலுக்கு வாங்க” என்றாள்.

“இந்த வயசுல எனக்கெதுக்குடி குஸ்தி?”

“குஸ்தி இல்ல, ஜூடோ.”

“ரெண்டும் ஒண்ணுதான். கட்டிப்பிடிச்சு உருள்றது.”

“உருள்றதுக்குத்தான் கூப்பிடுறேன். உங்க காலுக்கு வாயால சொன்னா ஏறாது.”

பிரேக்கம்மா போனாள். போன் மேஜைப் பயம் அப்படி. அங்கே தடிமனான வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டி, இடுப்பில் கச்சையைக் கட்டிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் துவைக்கப்போட்ட மெத்தை உறை நின்றுகொண்டிருந்தது. வந்தவர்கள் பத்துப்பன்னிரண்டு பேர், எல்லாரும் வேலை முடிந்து வந்த பெரியவர்கள். அவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் ஒரு பேக்கரிக்காரர். மாவு மூட்டையைத் தூக்கித் தூக்கி மாவு மூட்டையாகவே ஆனவர், ஆனால் மகா சாது.

“முதல்ல தியரி சொல்லிடு. எந்தக் கால் முன்னாடி, எந்தக் கை மேல?” என்றாள் பிரேக்கம்மா. வார்த்தையால் வாழ்பவள் அவள். கிளட்ச், கியர், கண்ணாடி பாரு, சிக்னல் போடு என்று வாய் ஓயாமல் சொல்லியே ஒரு ஊரை ஓட்டவைத்தவள்.

நாத்தனார் தியரிக்குப் பதிலாக எல்லார் முதுகிலும் துணி கிளிப்புகளை மாட்டினாள். “அடுத்தவங்க கிளிப்பைப் பறிக்கணும். உங்களுதை விடக்கூடாது. ஆரம்பிங்க!”

அவ்வளவுதான் பாடம். பெரிய மனிதர்களெல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிரேக்கம்மா நடுவில் நின்று, “ஒரு ஒழுங்கு வேண்டாமா? இடது பக்கமா வரணும்ல?” என்று போக்குவரத்தைச் சீர்செய்து முடிப்பதற்குள் அவள் முதுகு காலி.

பிறகு பேக்கரிக்காரரும் அவளும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு மெத்தையில் நடந்தார்கள். அவர் சும்மா ஒரு அடி முன்னால் வந்தார். அவள் பயந்தாள். பயந்ததும் வலது கால் போய் மெத்தையில் பிரேக் போட்டது, டொம். இல்லாத பிரேக்கை மிதித்த கால் அங்கேயே ஊன்றி நிற்க, பேக்கரிக்காரர் தன் பாதத்தால் அதை லேசாக ஓரம் தள்ளினார். ரொட்டித் துணுக்கைத் துடைப்பத்தால் ஒதுக்குவது மாதிரிதான் தள்ளினார். பிரேக்கம்மா மல்லாந்தாள்.

“மன்னிச்சுக்கங்கம்மா” என்றார் பேக்கரிக்காரர்.

எழுந்தாள். அவர் தோளை அசைத்தார். டொம். மல்லாந்தாள். “மன்னிச்சுக்கங்கம்மா.” அன்று சாயங்காலம் முழுக்க இதே கதைதான். அவர் கண்ணைச் சிமிட்டினால்கூட அந்தக் கால் ஆஜர். கடைசியில் அவர் மன்னிப்பு கேட்கவே கூச்சப்பட்டு, விழுவதற்கு முன்பே கேட்டுவைக்க ஆரம்பித்தார்.

விழுவதுதான் அவளுக்கு ஆகாத காரியம். எல்லாரும் வட்டமாக நின்று, விசில் ஊதியதும் தொப்பென்று உருள வேண்டும், கடைசியாக நிற்பவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று ஒரு விளையாட்டு. விசில் ஊதினால் ஊரே உருளும், பிரேக்கம்மா மட்டும் விளக்குக் கம்பம் மாதிரி நிற்பாள். மூச்சைப் பிடித்து, முழங்காலை இறுக்கி, “இதோ விழறேன், இருங்க” என்பாள். பிறகு பாடுவாள். அவள் குரலைப் பற்றி நான் சொல்லக்கூடாது. கீழே டயர் கடைக்காரர் மேலே வந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார் என்பது மட்டும் உண்மை. அதன்பிறகு விசில் ஊதும்போதெல்லாம் வகுப்பே அவளைப் பார்த்து, “விழுந்துடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சியது.

ஒருநாள் சிரிப்பு தாங்காமல் விழுந்துவிட்டாள். இறுக்கிப் பிடிக்க மறந்துபோனதுதான் காரணம். இடுப்பு, முதுகு, தோள் என்று மெத்தை அவளை வரிசையாக வாங்கிக்கொண்டது, கை தானாகப் போய்த் தரையைத் தட்டியது. வலிக்கவில்லை. படுத்தபடியே கூரையைப் பார்த்து, “அட, இவ்வளவுதானா!” என்றாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து, சொந்தச் செலவில் இன்னும் பத்துத் தடவை விழுந்தாள்.

விழுவதற்குக் கால் பழகிவிட்டது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்போது அது இன்னும் சும்மா இருக்கவில்லையே! நாத்தனார் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அமுக்கினால் கீ என்று கத்தும் ரப்பர் வாத்து ஒன்றைக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜைக்கடியில் அண்ணியின் வலது கால் வைக்கும் இடத்தில் ஒட்டிவிட்டுப் போனாள். “காரில வைக்கலாம்ல?” என்று அண்ணன் வெகுளியாகக் கேட்டதற்கு, பிரேக்குக்குக் கீழே ஒரு காகிதத் துண்டுகூட இருக்கக்கூடாது என்று பிரேக்கம்மா ஒரு முழு வகுப்பே எடுத்தாள்.

வாத்து அந்த வீட்டின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியது. அவர் சூடான காபியோடு எழுந்தால் கீ. அது எதிர்பார்த்ததுதான். அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் கீ. விருந்தாளியிடம் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கீ, உடனே அவள் அந்தக் கதையை வாங்கித் தானே சொல்லி முடிப்பாள். அவர் கதை சொல்லத் தெரியாதவர் என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள். ஒரு கதையைக்கூட முடிக்க விட்டதில்லை என்று வாத்து சொல்லித்தான் தெரிந்தது. அன்று அவளுக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது.

ஹாலில் அடுத்த விளையாட்டு துண்டு. இரண்டு பேரும் துண்டின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எதிராளியின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று துண்டை வைத்தே சொல்ல வேண்டும். பிரேக்கம்மா முதலில் எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னாள். “யோசிக்காதீங்க அண்ணி, துண்டைக் கேளுங்க” என்றாள் நாத்தனார். துண்டு பேசுமா என்று எரிச்சல் வந்தது. ஆனால் பேசியது. சில நாள் கழித்து, பேக்கரிக்காரர் நகர்வதற்கு முன்னால் துண்டில் ஒரு சின்னத் தளர்வு ஓடுவதை அவள் விரல்கள் பிடித்துவிட்டன. கால் அசையவே இல்லை. எதுவும் நடப்பதற்கு முன்னாலேயே மிதிக்கும் கால், முதல்முறையாக, என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த பின்னும் சும்மா இருந்தது.

பழக்கம் விடுமா? வீட்டிலும் ஆரம்பித்துவிட்டாள். சமையலறையில் புருஷனைப் பிடித்து நிறுத்தி, கைதுடைக்கும் துண்டை நீட்டினாள்.

“பிடிங்க. கண்ணை மூடுங்க.”

“ஏன், என்ன பண்ணப் போறே?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். நடங்க.”

கண்ணை மூடிய இரண்டு பேர் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் உலாவினார்கள். அவர் ஒருதடவை பிரிட்ஜில் முட்டி அதனிடம் மன்னிப்பு கேட்டார். பிரேக்கம்மா சிரிக்கவில்லை. அவள் கை எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு அடிக்கும் வெகு முன்னாலேயே தயாராகிறார். பாரம் கொஞ்சம் கொஞ்சமாக, அந்த மெழுகுப்பல்லைச் செதுக்குகிற நிதானத்தோடு, இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்குப் போகிறது. நிற்பதற்கும் அப்படித்தான், நிற்கப்போவதை அவர் உடம்பு ரொம்ப முன்னாலேயே முடிவுசெய்துவிடுகிறது.

அவள் கண்ணைத் திறந்தாள். இந்த மனுஷர் தாமதமாகப் பிரேக் போடுபவர் என்றல்லவா மூன்று பரீட்சையிலும் மிதித்தாள்! அவர் எப்போதோ போட ஆரம்பித்துவிட்டார். மெதுவாகப் போட்டதால் அவளுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தையும் சாலையையும்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், காரைக் கேட்கவே இல்லை.

“என்னாச்சு?” என்றார் அவர், இன்னும் கண்ணை மூடியபடி.

“ஒண்ணும் இல்லீங்க. இன்னொரு ரவுண்டு நடங்க.”

அந்த வாரம் மெத்தையில் பேக்கரிக்காரர் வழக்கம்போல ஒரு அடி முன்னால் வந்தார். அவர் பாரம் இறங்கும் தருணம் அவள் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது, அவள் பாதம் போய் அவர் பாதத்தை லேசாக ஒதுக்கியது. மாவு மூட்டை மல்லாந்தது. ஹால் அதிர்ந்தது, கீழே டயர் கடைக்காரர் அண்ணாந்து பார்த்திருப்பார். பிரேக்கம்மா தான் செய்ததை நம்பாமல் தன் காலையே பார்த்தாள். பிறகு, “மன்னிச்சுக்கங்கண்ணே” என்றாள், வட்டியும் முதலுமாக.

பரீட்சை நாள் வந்தது. பின்சீட்டில் தேர்வு அதிகாரி இருமல் மிட்டாய் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். “மறுபடியுமா?” என்று அவர் கேட்கவில்லை, ஆனால் மிட்டாய் அப்படித்தான் புரண்டது. ஓனர் வாசலில் நின்று போன் மேஜையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். புருஷன் ஸ்டியரிங்கைப் பிடித்த விதத்தில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. மணி எப்போது கத்தும் என்று காத்திருப்பவர் மாதிரி ஓட்டினார்.

பிரேக்கம்மா தோளைத் தளர்த்தி, முதுகை இருக்கையில் கொடுத்து உட்கார்ந்தாள். ரவுண்டானாவில் ஒரு வேன் மூக்கை நுழைத்தது. பழைய காலாக இருந்தால் வேனுக்கு முன்னாலேயே இறங்கியிருக்கும். இப்போதும் தொடைவரை ஒரு துடிப்பு வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் இருக்கைக்கடியில் கார் ஏற்கெனவே மெல்லத் தலைகுனிவதை அவள் இடுப்பு உணர்ந்துவிட்டது. அவர் எப்போதோ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். வேன் போயிற்று. அவரும் போனார். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுத்தார், பின்னால் நழுவவில்லை. போகப் போக அவர் கை ஸ்டியரிங்கில் சுதாரித்துக்கொண்டது. மணி கத்தாத காரில் அவர் இவ்வளவு தூரம் ஓட்டியதே இல்லை.

கடைசியாக பார்க்கிங். தெருவோரம் நின்றிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவில் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். அவர் மெல்லப் பின்னால் வந்தார். ஸ்டியரிங்கைத் திருப்பி ஒடிக்க ஒரு கணம் பிந்திவிட்டார். பிரேக்கம்மாவின் உடம்புக்குத் தெரிந்துவிட்டது, பின்சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறப்போகிறது. கண்ணாடியில் பார்த்தாள். நடைபாதையில் ஆள் இல்லை, நாய் இல்லை, சைக்கிள் இல்லை. வெறும் கல்.

வலது கால் எழுந்தது. மிதித்தால் கல் தப்பும், மணி கத்தும். மிதிக்காவிட்டால் கல். எப்படியும் ஃபெயில்தான், அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் யாருடைய ஃபெயில் என்பது மிச்சமிருந்தது. அவள் காலைத் திரும்பக் கீழே வைத்தாள், பிரேக்குக்குப் பக்கத்தில், வெறும் தரையில்.

டொக். பின்சக்கரம் கல்லில் ஏறி, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

மணி கத்தவில்லை. அதிகாரி மிட்டாயைக் கடித்து முடித்தார். “சார், வருத்தமா இருக்கு. நல்லா ஓட்டிட்டு வந்தீங்க. ஆனா கல்லு மேல ஏத்திட்டீங்க, இது பாஸ் கிடையாது.”

புருஷன் மெதுவாகத் திரும்பினார். “மணி அடிக்கலையே?”

“அடிக்கல.”

“அவங்க கால் வைக்கலையா?”

“வைக்கல சார்.”

“அப்போ ஏத்தினது நான்தானா?”

“நீங்களேதான் சார். முழுக்க நீங்க.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது பாருங்கள், அத்தனை வருஷக் கல்யாணத்தில் பிரேக்கம்மா அதைப் பார்த்ததில்லை. பின்சீட்டுக்குக் கையை நீட்டி அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஃபெயிலானவர்கள் அழுது பார்த்திருக்கிறார், கெஞ்சிப் பார்த்திருக்கிறார், இது அதிகாரிக்குப் புதுசு.

ஸ்கூல் வாசலில் ஓனர் இரண்டு பேர் சிரிப்பையும் பார்த்துவிட்டு ஓடிவந்தார். “பாஸா சார்?”

“ஃபெயிலு!” என்று தெருவே கேட்கக் கத்தினார் புருஷன். “நானே பண்ணினேன்! ஒரு வாரத்துக்குள்ள கிடைக்கிற தேதியா பாத்து வாங்குங்க.”

ஓனர் குழம்பிப்போய் அதிகாரியைப் பார்த்தார். “மேடம் கால்?”

“அசையல” என்றார் அதிகாரி. ஓனர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார். அடுத்த நாள் பாடத்துக்குப் பிரேக்கம்மா பேரில்தான் காரை ஒதுக்கியிருந்தார்.

வீட்டுக்கு இருவரும் நடந்தே போனார்கள். அவர் கல்லில் ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவளும் அந்தக் காரில்தான் இருந்தாள், ஆனாலும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொன்னார், அவளும் முழுக்கக் கேட்டாள். நடுவில் திடீரென்று நின்றார்.

“ஏம்மா, கல்லு மேல ஏறப்போகுதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போ?”

“நீங்க ஸ்டியரிங்கை ஒடிக்கறதுக்கு முன்னாடியே.”

“அப்புறம் ஏன் பேசாம இருந்தே?”

பிரேக்கம்மா அவரைப் பார்த்தாள். “வலிக்காதுன்னு தெரிஞ்சுது. அதான் விழ விட்டேன்.”

அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். பிறகு, “விழுந்தது நல்லா இருந்துச்சு” என்றார்.